இரண்டாவது வளைவில் கிளெனிஸின் கம்பம்

எங்கள் மார்ஷ்பி ஊரில் ஒன்பதாம் நம்பர் பேருந்தில் ஏறுகிறவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஏறி மீன் துறைமுகத்தில் இறங்குவதற்குள் டிரைவர் சீட்டிலிருந்து ஒரு குரல் அவர்களைப் பிடித்து உலுக்கிவிடும். "அடுத்த ஸ்டாப் ஸ்டேடியம் கண்ணுகளா! வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பீட்வே! பிரேக்கே இல்லாத பைக்! வீட்டுல உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" குரலுக்குச் சொந்தக்காரி கிளெனிஸ் பாஸ்க். பேருந்து கம்பெனியிலிருந்து கூப்பிட்டு எச்சரித்துப் பார்த்தார்கள். எச்சரித்த மேனேஜரையே அவள் ஒரு வெள்ளிக்கிழமை பந்தயத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதோடு அவர் எச்சரிப்பதை நிறுத்திவிட்டார். பந்தயத்துக்கு வருவதையும் அதோடு நிறுத்திவிட்டார். அது ஏன் என்று அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

நான் சேது. அதே டெப்போவில் ஏழாம் நம்பர் ஓட்டுகிறேன். இந்த ஊருக்கு வந்தபோது என் தலையில் முடி இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அவ்வளவு காலமாகிவிட்டது. என்னையும் ஸ்பீட்வேக்கு இழுத்துப் போனவள் கிளெனிஸ்தான். முதல் நாளே ஒரு பிடி சிவப்பு மண் என் வாய்க்குள் போனது. துப்பிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சில வியாதிகள் அப்படித்தான் தொற்றிக்கொள்கின்றன.

அவளுக்கு அந்த வியாதி பிறவியிலேயே. அவளுடைய அம்மா ஸ்டேடியத்தில் டீக்கடை வைத்திருந்தவள். கைக்குழந்தை கிளெனிஸ் உருளைக்கிழங்கு வறுவல் வந்த அட்டைப்பெட்டிக்குள் படுத்துத் தூங்குவாளாம். பைக் சத்தம் நின்றால்தான் அழுவாளாம். பெரியவளாகி பாரி என்று ஒரு பேக்கரிக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கமான மனிதன். ஆனால் ஒரு நாள், "நானா, வெள்ளிக்கிழமையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று கேட்டுத் தொலைத்துவிட்டான். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்கக் கூடாத கேள்வி. இப்போது அவன் ஸ்பெயினில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவான். இவள் பதிலுக்கு அந்த வருஷத்துப் பந்தய முடிவுகளை அனுப்பிவைப்பாள்.

ஸ்பீட்வே என்றால் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. செங்கல்லை இடித்துப் பரப்பியது போன்ற சிவப்பு மண்ணில் ஒரு முட்டை வடிவப் பாதை. இந்த அணியில் இரண்டு பேர், அந்த அணியில் இரண்டு பேர், நாலு பைக், நாலு சுற்று. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு அடுத்த நாலு பேர். பைக்குக்குப் பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வெளியே தள்ளி, இடது காலை மண்ணில் இழுத்துக்கொண்டு, பைக் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாகச் சறுக்கிக்கொண்டே திரும்புவார்கள். அப்போது கிளம்பும் மண் வேலியைத் தாண்டி வந்து நம் மேல் கொட்டும். அதுதான் விஷயம். மற்றதெல்லாம் அதற்கு அலங்காரம்.

மண் மிக நன்றாகக் கொட்டுவது இரண்டாவது வளைவில். அங்கே வேலியில் ஒரு கம்பம் இருக்கிறது. அதில் ஒரு இடத்தில் மட்டும் வெள்ளைப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும். கிளெனிஸின் முழங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அவளுக்கு இடது பக்கம் நான். வலது பக்கம் கிளிஃப் ஹெம்ஸ்லி, கடையை மகனிடம் விட்டுவிட்ட கசாப்புக்காரர், எங்கள் அணியான மார்ஷ்பி நாரைகள் பிறந்த நாளிலிருந்து யார் எந்தப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கேட்காமலே சொல்லக்கூடியவர். அந்த வளைவு முழுவதும் இப்படித்தான். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

சொந்தக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். மற்றவர்கள் இல்லை. எதிரே இருந்த பார்வையாளர் ஸ்டாண்டில் புறாக்கள் உட்கார்ந்து பந்தயம் பார்த்தன.

அணியை நடத்துகிறவர் டெனிஸ் தர்ல்பி. கார்ப்பெட் கடை முதலாளி. நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் இஸ்திரி போட்ட கோட்டும் கையில் ஒரு குடையுமாக, யாருடைய சாவுக்கோ கிளம்பியவர் மாதிரியே இருப்பார். கூட்டத்தைக் கூட்டுவதற்காகப் பெரிய நகரத்திலிருந்து ஆள் வைத்து ஒரு போஸ்டர் அடித்தார். கறுப்புப் பின்னணி, ஒரு ஹெல்மெட், சுற்றிலும் நெருப்பு, கீழே 'உன்னுள் உறங்கும் வேகம்' என்று ஒரு வரி. கிளெனிஸ் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன டெனிஸ் இது, ஜலதோஷ மாத்திரை விளம்பரமா?"

"அது நவீன பாணி, கிளெனிஸ்."

"நவீனமா இருக்கட்டும். இதைப் பாத்துட்டு ஒருத்தன் மருந்துக் கடைக்குத்தான் போவான்."

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பந்தயத்துக்கு முன்னால், ரசிகர் மன்றத்தை ஸ்டேடியம் பாரில் கூட்டினார் தர்ல்பி. கிளிஃப் கொடுத்த இறைச்சித் தட்டைக் குலுக்கல் பரிசாக வைத்திருந்ததால் எல்லோரும் வந்திருந்தோம். அவர் குடையை மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். ஆகஸ்ட் கடைசியில லீவு விடற திங்கக்கிழமை ஸ்கார்ஹோம் நரிகளோட மேட்ச் இருக்கு. வருஷத்துலயே பெரிய மேட்ச். அன்னிக்கும் அந்த ஸ்டாண்ட் நெறையலைன்னா, அந்த வாரம் சனிக்கிழமை நிலத்துக்காரருக்குப் போன் பண்ணி, அடுத்த வருஷம் எங்களுக்கு மைதானம் வேணாம்னு சொல்லிடுவேன். அவரு கிடங்கு கட்டறதுக்கு எப்படா எப்படான்னு உக்காந்திருக்காரு."

யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை இல்லாத மார்ஷ்பியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வது? கிளெனிஸ் எழுந்து நின்றாள்.

"நெறையும்."

"எப்படி?" என்றார் கிளிஃப். "அட்டையில ஆளு வெட்டி உக்கார வெப்பியா?"

"உன்னை ரெண்டு சீட்டுல உக்கார வெச்சா பாதி வரிசை நெறஞ்சிடும் கிளிஃப். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். அவள் சொன்னால் செய்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் இறைச்சித் தட்டையும் குலுக்கி முடித்தோம். அதையும் அவளே ஜெயித்தாள்.

மறுநாளிலிருந்து அவள் அறிவிப்பை விட்டுவிட்டு விசாரணையில் இறங்கினாள். ஏறுகிறவர்களை எல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு கேள்வி கேட்டாள். "ஸ்பீட்வே பாத்திருக்கியா கண்ணு?" பார்த்ததே இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். வந்த பதிலோ வேறு.

"ஓ, பாத்திருக்கேனே. ஒரு தடவை வந்தேன்."

"எப்படி இருந்தது?"

"ரொம்ப நல்லா இருந்தது. இன்னிக்கு மழை வரும்போல இருக்கே?"

எங்கள் ஊர்க்காரர்களின் குணம் இது. கொதிக்கிற எண்ணெயில் போட்டு எடுத்தாலும் ரொம்ப நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு வானிலைக்குத் தாவுவார்கள். மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் ஒரு தடவை வந்திருக்கிறார்கள்! இரண்டாவது தடவை வந்தவர்களைத்தான் காணவில்லை.

உண்மையைச் சொன்னவள் ஒருத்தி. பெயர் லோர்னா. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறாள், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். தினமும் ஒன்பதாம் நம்பரில் வருகிறவள். அன்றைக்கு எனக்கு மதியத்தோடு வேலை முடிந்து, நான் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். கிளெனிஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். லோர்னாவும் வந்திருக்கிறேன் என்றாள்.

"எப்படி இருந்தது?"

"நிஜத்தைச் சொல்லட்டுமா?"

"அட, அதுக்குத்தானே ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரியறேன்!"

"போன வருஷம் கொழந்தைங்களைக் கூட்டிட்டு வந்தேன். வேலிகிட்ட ஒரு கம்பத்தோரமா நின்னோம். ஒரு அம்மா வந்து, இது என் எடம், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லு கண்ணுன்னாங்க. தள்ளி நின்னோம். அங்க ஒருத்தர் வந்து அது அவரு எடம்னாரு. இப்படியே தள்ளித் தள்ளிக் கடைசியில கக்கூஸ் பக்கத்துல போய் நின்னோம். அங்கயும் ஒரு பெரியவர் பின்னாலயே வந்து பாயிண்ட் கணக்கு எப்படிப் போடறதுன்னு வெளக்கினாரு. அவரு முடிக்கறதுக்குள்ள கடைசி ரேஸே வந்துடுச்சு. கிளம்பி வளைவைத் தாண்டறப்ப என் கிரீம் கலர் கோட்டு மேல மொத்த மண்ணும் விழுந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. சின்னவ அழுதுட்டா. அவ்வளவுதான்."

"யாரு அந்தம்மா? ஆளைக் காட்டு, நான் கேக்கறேன்!" என்று கிளெனிஸ் கொதித்தாள்.

லோர்னா கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"நீங்கதான்."

பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. பின்னால் யாரோ, "போகலாமா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணலாமா?" என்று கத்தினார்கள். கிளெனிஸ் கதவைச் சாத்திவிட்டு ஓட்டினாள். ஸ்டேடியம் நிறுத்தம் வந்தது. அவள் ஒன்றும் அறிவிக்கவில்லை. துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சேது, பாயிண்ட் கணக்குப் பாடம் எடுத்தது கிளிஃப்தானே?"

"வேற யாரு?"

"போஸ்டர் மேல தப்பே இல்லடா. ஜனங்க வந்திருக்காங்க. நாமதான் தொரத்தியிருக்கோம். அதுல தலைமைத் தொரத்தல்காரி நான்."

வேறு யாராவது என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பார்கள். இவள் போன் எடுத்துத் தர்ல்பியைக் கூப்பிட்டாள். "டெனிஸ், திங்கக்கிழமையக் கணக்குல எடுத்துக்காதே. லீவு நாள்ல யாரு வேணா எங்க வேணா வருவாங்க. அடுத்து வர்ற வெள்ளிக்கிழமையப் பாரு. வந்தவங்க திரும்பி வந்தாங்கன்னா சனிக்கிழமை போன்ல ஆமான்னு சொல்லு. வரலைன்னா நானே கூட வந்து கேட்டைப் பூட்டறேன்." எனக்குப் பகீரென்றது. கையில் இருந்த நல்ல சீட்டை விட்டுவிட்டு மோசமான சீட்டைக் கேட்டு வாங்குகிறாளே! வெள்ளிக்கிழமை எங்களோடு மோத வந்தது பட்டியலில் கடைசியில் கிடந்த அணி. அந்த மேட்ச்சுக்குப் புறாக்களே வருவது சந்தேகம்.

தர்ல்பி சரி என்றார். மீண்டும் மன்றக் கூட்டம். இந்த முறை குலுக்கல் பரிசு இல்லை, அதனாலேயே எல்லோரும் கொஞ்சம் கடுப்பாக இருந்தார்கள். கிளெனிஸ் நடந்ததைச் சொன்னாள். தன் பெயரையும் மறைக்கவில்லை, கிளிஃப் பெயரையும் மறைக்கவில்லை. பிறகு தன் திட்டத்தைச் சொன்னாள். திங்கட்கிழமை ஒவ்வொருவரும் இதுவரை திரும்பி வராத ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவரைத் தன் சொந்த இடத்தில், தன் சொந்தக் கம்பத்தில் நிறுத்த வேண்டும். பாயிண்ட் எழுதுகிற புரோகிராம் புத்தகத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நாம் பின்னால் போய் நிற்க வேண்டும்.

பார் இரண்டாகப் பிளந்தது. அணியே போகிறது என்றபோது வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் இடம் போகிறது என்றதும் எழுந்து நின்று கத்தினார்கள். எனக்கு வந்த கோபத்தில் நாலு பேரை வெளியே தள்ளலாமா என்றிருந்தது. எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவர் கிளிஃப்.

"அது எங்க எடம் மட்டும் இல்ல கிளெனிஸ். எங்க அண்ணன் சாம்பலை அந்த வளைவுலதான் தூவினோம்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. வர்றவங்களை உங்க அண்ணன் வரவேற்கட்டும். உன்னைவிட அவரு பேச்சு கம்மி."

"மத்தவங்களுக்குச் சொல்றது சுலபம். மொதல்ல நீ உன் கம்பத்தைக் குடு, பாக்கலாம்."

"குடுத்தாச்சு," என்றாள் கிளெனிஸ். "லோர்னாவுக்கு."

கிளிஃப் உட்கார்ந்துவிட்டார். அவள் அந்தக் கம்பத்தை விட்டுத் தருவாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நானும்தான்.

அதற்கப்புறம் அவள் சட்டம் போட்டாள். புதிதாக வருகிறவர்களிடம் மூன்று விஷயம் மட்டுமே சொல்லலாம். இடது பக்கம் மட்டும்தான் திரும்புவார்கள். பிரேக் கிடையாது. பைக் கிட்டே வரும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்களாகக் கேட்டால் ஒழிய நாலாவது விஷயம் கிடையாது. "கிளிஃப், இது உனக்குத்தான்," என்று தனியாக ஒரு முறை சொன்னாள்.

மண்ணைப் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. குடும்பத்தோடு வருகிறவர்கள் மேல் விழாமல் வளைவில் கண்ணாடித் தடுப்பு வைத்துவிடலாம் என்று தர்ல்பி நீண்ட நாளாக யோசனை வைத்திருந்தார். கிளெனிஸ் விடவில்லை. "மண்ணை மறைச்சிட்டா அப்புறம் நாம என்னத்த விக்கறது? லோர்னாவோட சின்னப் பொண்ணு மண்ணு விழுந்ததுக்கு அழல. சிரிச்சதுக்கு அழுதுச்சு." வீடு வீடாகப் பழைய மழைக்கோட்டுகளைச் சேகரித்து வந்தாள். வாசல் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினோம். யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம், போகும்போது திருப்பி மாட்டிவிட வேண்டும்.

பிறகு போஸ்டர். ஒரு பயிற்சி நாளில், போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லித் தர்ல்பியைக் கோட்டும் குடையுமாக இரண்டாவது வளைவில் நிற்க வைத்தாள். பாவம், அந்த மனிதர் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார். அணி நடத்துகிறவர்தானே ஒழிய, அவர் அந்த வளைவில் ஒரு நாளும் நின்றதில்லை. எங்கள் அணியில் ஓட்டும் டென்மார்க்குப் பையன் யெப்பேயிடம் அவள் முன்பே பேசி வைத்திருந்தாள். அவன் வேலியை ஒட்டி வந்து ஒரு சறுக்கு சறுக்கினான், பாருங்கள்! குடையை விரிக்க நேரமில்லை. கார்ப்பெட் கடை முதலாளி தலை முதல் கால் வரை சிவப்பாக, பற்கள் மட்டும் வெள்ளையாக, கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்ட முகம். அதுதான் போஸ்டர். கீழே, 'பழைய துணி போட்டுக்கொண்டு வாருங்கள். உங்களுக்கு இடம் வைத்திருக்கிறோம்.' மீன் வறுவல் கடையில் ஒட்டினோம், தபால் ஆபீசில் ஒட்டினோம், முக்கியமாகத் துணி துவைக்கிற கடையில் ஒட்டினோம். ஊர் பூராவும் அதைப் பற்றியே பேச்சு. தர்ல்பிக்குக் கார்ப்பெட் வியாபாரமும் கூடியதாகக் கேள்வி.

லோர்னாதான் சுலபத்தில் மசியவில்லை. "திரும்பவும் கக்கூஸ் பக்கத்துலயா?" என்று கேட்டாள்.

"என் கம்பத்துல நில்லு கண்ணு. யாராவது தள்ளச் சொன்னா என் பேரைச் சொல்லு."

"தள்ளச் சொல்றவங்களே நீங்கதானே!"

"அதான் சொல்றேன், இனிமே யாரும் இல்ல."

திங்கட்கிழமை காலையில் மழை. லீவு நாளாச்சே, இந்த நாட்டில் மழை பெய்யாமல் இருக்குமா? தர்ல்பி ரத்து செய்துவிடலாமா என்று குடைக்குள்ளிருந்து முனகினார். டிராக்டர்க்காரர் மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டி ஓரத்தில் தள்ளினார். மதியம் நடுவர் வந்து பாதையைக் குதிகாலால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, ஓட்டலாம் என்றார். ஈர மண். அதாவது வழக்கத்தைவிடக் கனமாகக் கொட்டும்.

கூட்டம் வந்தது. கேட்டுக்கு வெளியே சாலை வரை வரிசை. ஸ்டாண்டில் புறாக்களுக்கு இடமில்லை. வளைவில் நின்றவர்கள் எல்லோரும் அளவு பொருந்தாத பழைய மழைக்கோட்டுகளில், ஏதோ கப்பலிலிருந்து தப்பி வந்தவர்கள் போல் இருந்தார்கள். முதல் பந்தயத்தில் நாலு பைக்கும் ஒன்றாக வந்து சறுக்கியபோது அவர்கள் மேல் கொட்டியது மண் இல்லை, சேறு. பிறகு மொத்த வளைவும் கூச்சல் போட்டுச் சிரித்தது. லோர்னாவின் சின்னப் பெண் மூக்கில் அப்பிய சேற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை வருவாங்களா?" என்று கேட்டது.

கிளிஃப் தன் இடத்தில் ஒரு தபால்காரனை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றார். நாலாவது விஷயத்தைச் சொல்ல முடியாமல் அவர் முகம் வீங்கிச் சிவந்திருந்தது. ஆறாவது பந்தயத்தில் அந்தத் தபால்காரன் திரும்பி, "அந்த நீல ஹெல்மெட்காரர் ஏன் வேணும்னே வேகத்தைக் கொறச்சாரு?" என்று கேட்டுவிட்டான். அணை உடைந்தது. கூட்டாளிக்கு வழிவிட்ட கதையில் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. ஆனால் கேட்டவனும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். ஒருவர் கேட்ட பிறகு சொல்கிறதற்கும் கேட்காமல் சொல்கிறதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

எல்லாம் சரி, கிளெனிஸ் எங்கே? அவளைத் தேடிக்கொண்டு போனேன். கழிப்பறைச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வேலிக்கு மேல் ஹெல்மெட்டுகள் மட்டும் ஓடும்.

"இங்க ஏன் நிக்கறே? வா, என் பக்கத்துல எடம் இருக்கு."

"இங்கேருந்து ஒண்ணுமே தெரியல சேது," என்றாள். "ரெண்டு கொழந்தைங்களோட அந்தப் பொண்ணை நான் இங்கதான் அனுப்பி வெச்சிருக்கேன்."

கடைசிப் பந்தயம் வரை அவள் அங்கேயே நின்றாள். நானும் நின்றேன். நாங்கள் அன்றைக்கு நரிகளிடம் தோற்றோம், சாதாரணமாக இல்லை, படுதோல்வி. முன்னணியில் போன யெப்பே கடைசி வளைவில் விழுந்தான், அடி இல்லை, எழுந்து கையாட்டினான். பழைய ரசிகர்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கிளம்பினோம். புதியவர்கள் யாருக்கும் தோற்றதே உறைக்கவில்லை. சேறும் சிரிப்புமாகப் போனார்கள்.

தர்ல்பி ஓடி வந்து, "நெறஞ்சிடுச்சு கிளெனிஸ்! ஜெயிச்சுட்டோம்!" என்றார். முதல் முறையாக அவர் கையில் குடை இல்லை.

"வெள்ளிக்கிழமை சொல்லு," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மாலை வரை வேலை. நான் அவள் பேருந்திலேயே ஏறிக்கொண்டேன். ஊருக்குள் பீட்ரூட் லாரி ஒன்று குறுக்கே நின்று வழி மறித்துவிட்டது. ஸ்டேடியத்திலிருந்து முதல் பந்தயத்தின் சத்தம் எங்களுக்குச் சாலையிலேயே கேட்டது. பைக் சத்தம்தான். ஜனங்கள் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று இருவருக்கும் தெரியவில்லை. எதற்கும் அசையாத கிளெனிஸ் விடாமல் ஹாரன் அடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வரலைன்னா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வருவாங்க," என்றாள். "சேறு அவ்வளவு நல்லா இருந்தது."

பேருந்தை அடுத்த டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினோம். இந்த வயதில் ஓடுவது என்றால் வேகமாக நடப்பது. கேட்டுக்குள் நுழைந்ததும் கிளெனிஸ் சட்டென்று நின்று என் கையைப் பிடித்தாள். சுவரைப் பார்த்தேன். ஆணிகள் மட்டும் இருந்தன. வரிசை முழுவதும் வெறும் ஆணிகள். ஒரு மழைக்கோட்டுகூட மிச்சமில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண் விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது, நாங்கள் இன்னும் வளைவுக்கே போகவில்லை.

அவள் எனக்கு முன்னால் போனாள். கால்கள் பழக்கத்தில் தாமாகவே அந்தக் கம்பத்துக்குத்தான் போயின. அங்கே ஒரு பச்சை மழைக்கோட்டு வேலியில் சாய்ந்து புரோகிராமில் எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு சின்ன மழைக்கோட்டுகள். கிளெனிஸ் போய் நெருங்கி நின்று, முழங்கையை அந்தப் பளபளத்த இரும்பில் வைக்கப் போனாள். பச்சைக் கோட்டு எழுதுகிறதை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் சொன்னது:

"மன்னிச்சுக்கங்க, இது எங்க எடம். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க."

பக்கத்தில் நின்ற கிளிஃப் மூச்சை இழுத்துப் பிடித்தார். நானும்தான். அந்தக் கம்பத்துக்காக அவள் ஒரு கல்யாணத்தையே விட்டவள். லோர்னா நிமிர்ந்து யாரென்று பார்த்தாள். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. "ஐயோ கிளெனிஸ், நீங்கன்னு தெரியாம..." என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"நகர்ந்தே, ஒதைப்பேன்," என்றாள் கிளெனிஸ். முகம் லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. "எந்தப் பக்கம்னு காட்டு கண்ணு. நின்னுக்கறேன்."

லோர்னா தன் வலது பக்கம் காட்டினாள். கிளெனிஸ் போய் நின்றாள். பின்னால் வேலியோரம் தர்ல்பி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கிழிந்த மழைக்கோட்டு. என் பக்கம் சாய்ந்து, "காலையில மொத வேலையா நிலத்துக்காரருக்குப் போன் பண்ணி, மைதானம் எங்களுக்கு வேணும்னு சொல்லிடறேன்," என்றார்.

"மொத ரேஸ்ல யாரு ஜெயிச்சாங்க?" என்று கிளெனிஸ் லோர்னாவைக் கேட்டாள்.

"யெப்பே. பாருங்க, இப்படி எழுதணும். மொதல்ல வந்தவங்களுக்கு மூணு பாயிண்ட். அடுத்தவங்களுக்கு ரெண்டு. அப்புறம் ஒண்ணு. கடைசியில வந்தா ஒண்ணும் கெடையாது. ரெண்டு பேரோடதையும் கூட்டி இந்தக் கட்டத்துல..."

கிளெனிஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அட்டைப்பெட்டிக்குள் படுத்திருந்த காலத்திலிருந்து அவளுக்குத் தெரிந்த கணக்கு. இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறவள் போல், "அப்படியா? அப்படியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிளிஃப் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

தொடக்கக் கோட்டில் பைக்குகளைத் தடுத்திருந்த நாடா மேலே போனது. நாலு பைக்கும் பாய்ந்து முதல் வளைவைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தன. லோர்னா எங்கள் எல்லோரையும் பார்த்துக் கத்தினாள்.

"வாயை மூடுங்க!"

எல்லோரும் மூடிக்கொண்டோம். கிளெனிஸும்தான்.